காணாமல் போன வெள்ளை

அத்தியாயம் 11

வாக்குக் கொடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றித் தொலைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் சாப்பாட்டு மேசையில், கணவர், மகள், நாத்தனார் மூவர் முன்னிலையிலும் நம் ஓவியக்காரி சொன்னது இதுதான்: "சனிக்கிழமை இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துடறேன். அதோட சரி. இனிமே இந்த வீட்ல கலர்க்கட்டியைத் தொடமாட்டேன்."

இன்று சனிக்கிழமை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கணவர் சொந்தமாகச் சின்ன பேக்கரி வைத்திருக்கிறார். கொஞ்ச காலமாக அவருக்கு இருமல். சாதாரண இருமல் இல்லை; மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வைக்கிற இருமல். டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தவர், "தூசி ஆகாதாம்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். அவருடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தார். மின்விசிறிகளைத் துடைத்தார். தலையணை உறைகளை உதறி உதறிப் பார்த்தார். கடைசியில் பின்பக்க அறை வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தூசியைத் தேடி வீடெல்லாம் அலைஞ்சேன். இங்க தூசிக்குக் கலர் வேற கொடுத்து வச்சிருக்கா!"

குற்றவாளியின் பெயர் பாஸ்டல். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரி இருக்கும். ஆனால் முழுக்க வண்ணப்பொடி. தேய்த்தால் பாதி தாளில் ஒட்டும், பாதி உதிரும். ஓவியக்காரி இதை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் தூங்குகிற நேரத்தில் கிறுக்க ஆரம்பித்தது. நல்ல தாள் கிடைக்காமல் மரம் தேய்க்கிற உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தாள். பொடி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து உப்புத்தாள்தான். படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கீழே ஈரத்துணி விரித்து, உதிர்கிற பொடி துணியிலேயே விழும்படி பார்த்துக்கொள்வாள். இதையெல்லாம் நாத்தனாரிடம் சொன்னாள். எடுபடவில்லை. கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் அவள் வாக்குக் கொடுத்தாள்.

ஆக, இது கடைசிப் படம். நகரத்து ஓவியக்கூடத்தின் கண்காட்சிக்குப் புகைப்படம் அனுப்பி, முதல்முறையாகத் தேர்வாகியிருந்த படம். இன்று மாலை ஓவியக்கூடம் மூடுவதற்குள் அசல் படம் அங்கே போய்ச் சேர வேண்டும். சட்டம் போட வேண்டியதுதான் பாக்கி.

காலை வேலைகளை முடித்துவிட்டு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவள் பின்பக்க அறைக்குப் போனாள். அங்கே கணவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பேக்கரியில் வைத்திருக்கும் தெளிப்பான் பாட்டில். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாரேன். இனிமே ஒரு பொட்டுப் பொடி உதிராது."

"என்ன பண்ணீங்க?"

"பன்னுக்கு அடிப்போமே, அதே சர்க்கரைத் தண்ணிதான். நல்லா நீர்க்கக் கலந்துகிட்டேன். காஞ்சா கெட்டியாப் பிடிச்சுக்கும். நீ பஸ்ல கொண்டுபோறப்ப ஆடி ஆடி எல்லாம் கொட்டிடுமோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் கவலை."

அவள் படத்தைப் பார்த்தாள்.

பேக்கரியில் மாவு பிசைகிற மேசை. அதன்மேல் குனிந்து நிற்கும் கணவர். பக்கத்து ஜன்னல் வழியாகச் சரிந்து விழும் பிற்பகல் வெயில். அந்த வெயிலில் மிதக்கும் மாவு. அந்த மாவுதான் படமே. வெள்ளைக் கட்டியைப் படுக்கவைத்து, அழுத்தாமல், தொட்டதும் தெரியாமல் இழுத்து இழுத்துக் கொண்டுவந்த வெள்ளை அது. தண்ணீர் பட்டதும் முதலில் ஓடிப்போவதும் அந்த வெள்ளைதான். மேசை இருந்தது, கணவர் இருந்தார், முன்னைவிடக் கறுப்பாக, ஈரமாக. ஜன்னல் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. மாவு இல்லை.

பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, மேல செர்ரி வைக்க மறந்துட்டீங்களா?"

"எறும்பு வரும்டா," என்றார் பின்னாலேயே வந்த நாத்தனார் தம்பியிடம். "படத்துக்குப் போய் யாராவது சர்க்கரைத் தண்ணி அடிப்பாங்களா?"

கணவரின் முகம் சுருங்கிப்போயிற்று. "நல்லா இல்லையா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவளுக்கு வந்த கோபத்தில் அந்தப் பாட்டிலைப் பிடுங்கி வீசியிருப்பாள். ஆனால் மனிதர் ஆசையாகச் செய்திருக்கிறார். ஆசையாகச் செய்கிறவர்களைத் திட்டவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் நாம் படுகிற பாடு இருக்கிறதே! அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அதே தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வந்து, படத்தின் ஓரத்தை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தாள். பிசுபிசுப்பு இருந்தது. ஆனால் அடியில் உப்புத்தாளின் சொரசொரப்பு இன்னும் கையில் பட்டது. நல்லவேளை, மனிதர் எதிலும் சிக்கனம், லேசாகத்தான் அடித்திருந்தார்.

"விடும்மா," என்றார் நாத்தனார். குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "எப்படியும் கடைசிப் படம்தானே. அதுவே வேணாம்னு சொல்லுது போல."

"அது ஒண்ணும் சொல்லலக்கா. நீங்கதான் சொல்றீங்க."

நாத்தனாரிடம் அவள் இப்படிப் பேசி இந்த வீடு கேட்டதில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளையைத் திரும்பப் போடணும். வெயில் எப்படி விழுதுன்னு நேர்ல பார்த்துப் போடணும். நான் கடைக்குப் போறேன்."

"கலர்க்கட்டியைத் தொடமாட்டேன்னு சொன்னே?"

"வீட்லதானே சொன்னேன். கடையில தொடலாம்."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ," என்றார் நாத்தனார். ஆனால் படத்தைச் சுற்றி எடுத்துக்கொள்ள நல்ல துணியாகப் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேக்கரியின் முன்பக்கக் கதவு சாத்தியிருக்கும். உதவிக்கு இருக்கும் இருவரும் போயிருப்பார்கள். மாலை விற்பனைக்கான ரொட்டிக்குக் கணவர் தனியாக மாவு பிசைகிற நேரம் அது. ஓவியக்காரி இதுவரை வாசற்படியில் நின்று பார்த்து, பென்சிலால் குறித்துக்கொண்டு போய் வீட்டில்தான் வரைந்திருக்கிறாள். இன்று உள்ளே வந்தாள். தட்டுகள் அடுக்கும் இரும்பு ராக்கில் படத்தைச் சாய்த்து நிறுத்தினாள். கையோடு கொண்டுவந்த புது உப்புத்தாள் துண்டால் ஜன்னல் பகுதியை மெல்லத் தேய்த்துவிட்டாள். சர்க்கரைப் பூச்சு பொடியாக உதிர்ந்தது.

"நான் எப்படி நிக்கணும்?" என்றார் கணவர். காலையிலிருந்தே பூனை மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் போல வேலையைப் பாருங்க."

அவர் மூட்டையை அவிழ்த்துச் சல்லடையில் மாவைக் கொட்டினார். சலித்தார். மேசையில் தூவினார். பிசைந்து வைத்திருந்த பெரிய உருண்டையைத் தூக்கி அதன்மேல் அடித்தார். வெயில் சரியாக வந்து விழுந்தது.

அவள் வெள்ளைக் கட்டியை எடுத்தாள். நகத்தளவுதான் மிச்சம் இருந்தது.

முதல் இழுப்பு ஒட்டவில்லை. இரண்டாவது ஒட்டியது. ஈரத்தில் கறுத்துப்போன அடிநிறத்தின்மேல் இந்த வெள்ளை முன்னைவிட எடுப்பாக நின்றது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேலே பார்ப்பாள், போடுவாள், மேலே பார்ப்பாள். வாசற்படியிலிருந்து பார்த்தபோது மாவு ஜன்னல் பக்கம்தான் தெரியும். அங்கேதான் வெயில், அங்கேதான் அழகு. கிட்ட வந்து நின்றால்தான் தெரிந்தது, அது அங்கேயே நிற்பதில்லை. அவர் உருண்டையை அடிக்கும்போதெல்லாம் மேசையிலிருந்து கிளம்பி நேராக அவர் முகத்துக்குப் போயிற்று. புருவத்தில் படிந்தது. அவர் மூச்சை இழுத்தார். முகத்தருகே இருந்த வெள்ளையில் ஒரு கீற்று சட்டென்று உள்ளே போயிற்று. அவர் இருமினார். மறுபடி அடித்தார்.

பார்த்ததை அப்படியே போட்டுப் பழகிய கை. அவர் மூக்குக்குக் கீழே, வாய்க்கு நேராக, அந்த வெள்ளைக் கீற்றைப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் அவள் கை நின்றது.

போன மாதம் அடுப்பு பழுதாகிக் கடையை மூடியிருந்தார்கள். அந்த நாட்களில் இவர் வீட்டிலேயே இருந்தார். பகலெல்லாம் கும்பகர்ணன் மாதிரி தூங்கினார். அவள் பின்பக்க அறையில் கதவைக்கூடச் சாத்தாமல் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டில் ஒரு இருமல் சத்தம் கேட்கவில்லை. அடுப்பு பற்றவைத்த அன்று இரவே அது திரும்பி வந்தது. இதைப் பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். ஆனால் நாத்தனார் அவளுடைய வண்ணங்களைக் காட்டியபோது அவளும் அந்தப் பக்கமே திரும்பிவிட்டாள்.

"டாக்டர் என்ன தூசின்னு சொன்னாரு?"

"தூசின்னா தூசிதான். அதுல என்ன ரகம்?"

"மாவா?"

உருண்டையைத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார், தூங்குகிற குழந்தையை வைப்பது போல.

"என்னங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"மாவுதான்," என்றார். "அடுப்பு ரிப்பேர்ல இருந்தப்ப இருமல் எப்படி இருந்துதுன்னு கேட்டாரு. சொன்னேன். அப்பவே சொல்லிட்டாரு. இப்படியே போனா மூச்சு கெட்டுடும், வேற வேலை பாருங்கன்னாரு."

"அக்கா என் கலரைக் காட்டிக் கத்தினப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நான் விட்டுடறேன்னு சொன்னப்ப?"

அவர் மேசையிலிருந்த மாவை விரலால் ஒதுக்கினார். ஒதுக்கிய இடத்திலேயே திரும்ப ஒதுக்கினார். "கடையை விட்டா நாம எல்லாரும் நடுத்தெருவுல நிக்கணும். உன்னோடதை விட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதேன்னு நினைச்சேன். கொஞ்ச நாள் அக்காவும் சமாதானமா இருப்பா. அதுக்குள்ள எனக்கும் சரியாயிடும்னு..."

யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

சர்க்கரைத் தண்ணீர் அவளை அழத்தான் வைத்தது. இந்த மூன்று வார்த்தை அப்படி இல்லை. 'யாருக்கும்' என்பதில் மகள் இருந்தாள், அக்கா இருந்தார், வாடிக்கைக்காரர்கள்கூட இருந்தார்கள். அவள் இல்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே வாழ்ந்தவர், பொய்கூடச் சொல்லவில்லை. மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டார். அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அவர் மறுபடி இருமினார். இந்த முறை மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். எரிச்சலெல்லாம் எங்கேயோ போய், அவளுக்குப் பயம் வந்தது.

"போதும். வெளியே போய் நில்லுங்க."

"படம்? வெயில் போயிடுமே."

"பார்த்துட்டேன். இனிமே நீங்க நிக்க வேணாம்."

"மாவு பாதியில கிடக்கே."

"கிடக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் ஊர் ரொட்டி இல்லாம இருக்கும். வெளியே போங்கன்னா போங்களேன்!"

அவர் போய் வெளிப்படியில் உட்கார்ந்தார். இருமல் சத்தம் தெருவிலிருந்து கேட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் வேலையைத் தொடர்ந்தாள். ஜன்னல் பக்கத்து வெள்ளையைப் பழையபடி நிரப்பி அழகாக்கிவிடலாம். புகைப்படத்தில் இருந்தது அதுதான், தேர்வானதும் அதுதான். அவள் அப்படிச் செய்யவில்லை. ஜன்னலில் கொஞ்சமாக விட்டுவிட்டு, மிச்சம் இருந்த வெள்ளையையெல்லாம் அவர் முகத்தருகே கொண்டுவந்தாள். கட்டி கரைந்து, கடைசியில் விரல்நுனியில் ஒட்டியிருந்ததைக்கூடத் தேய்த்துவிட்டாள்.

பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சட்டத்தில் பொருத்தினாள். கண்ணாடி படத்தில் பட்டால் வண்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவே அட்டைப் பட்டைகள் வைத்து, பின்பக்கம் ஆணி அடித்து, துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். கணவர் கூட வருவதாகச் சொன்னார். "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் வந்து பேசிக்கறேன்" என்றாள்.

ஓவியக்கூடத்தில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் சாவிக்கொத்தோடு எழுந்தவர், அவளைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். துணியைப் பிரித்தார். கணினித் திரையில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அந்தப் படம் இது இல்லையே."

"அதேதான். மாவு மட்டும் இடம் மாறியிருக்கு."

"ஏன் மாத்தினீங்க? தேர்வான படத்தை மாத்தக் கூடாது."

காலையில் நடந்ததைச் சொல்லிப் பரிதாபம் தேடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "அப்ப தூரத்துல நின்னு பார்த்துட்டு வரைஞ்சேன்," என்றாள். "இன்னிக்குத்தான் கிட்ட நின்னு பார்த்தேன். இதுதான் சரி."

இளைஞர் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். தான் போட்டது, முன்பின் தெரியாத ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. அது போதும் என்று இருந்தது, அதே சமயம் போதவும் இல்லை.

"உள்ளே வச்சுக்கறேன். மாட்டறதா வேணாமான்னு குழுதான் முடிவு பண்ணும். திங்கட்கிழமை கூப்பிடுவாங்க. வேணாம்னுகூடச் சொல்லலாம், நீங்க அதுக்கும் தயாரா இருக்கணும்." படத்தைத் தூக்கப் போனவர் மூக்கை உறிஞ்சினார். "ஏதோ இனிப்பு வாசனை வருதே?"

"பேக்கரிப் படம்," என்றாள் ஓவியக்காரி. அன்று முழுவதிலும் அவள் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்தபோது பின்பக்க அறை பளிச்சென்று இருந்தது. தரை கழுவியாகிவிட்டது. அவளுடைய வரைபலகை சுவரோரம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவள் நின்று வரைகிற இடத்தில் துணி தேய்க்கிற மேசை, அதன்மேல் மடித்த துணிகள். நாத்தனார் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தார். மகள் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். கணவர் கதவோரம் நின்றார், உள்ளே வருவதா வெளியே போவதா என்று தெரியாமல்.

"கொடுத்துட்டியா? நல்லது," என்றார் நாத்தனார். "பாரு, அறை எவ்வளவு விசாலமா இருக்கு. காத்து எப்படி வருது பாரு."

"அக்கா, உங்க தம்பி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

கணவர் அவளைப் பார்த்தார். நீயே சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை. இத்தனை வருஷமாக இந்தப் பார்வைக்கு அவள் இரங்காத நாளில்லை. அக்காவிடம் சொல்ல முடியாததையெல்லாம் அவர் சார்பில் அவள்தான் சொல்லி, அவள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாவு, அக்கா," என்றார் கணவர்.

"என்ன மாவு? கடையில தீர்ந்துபோச்சா?"

"என் இருமல். மாவுதான் காரணமாம். இவ கலர் இல்ல. டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தம்பியைப் பார்த்தார். பளபளவென்று கழுவிய தரையைப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. குரல் இறங்கிப்போய், "அப்ப கடை?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கடையில்தான் இந்த வீட்டின் அடுப்பு எரிகிறது. அதை மூடினால் என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தும் ஓவியக்காரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்," என்றாள். "டாக்டர்கிட்டயும் போவோம், இந்தத் தடவை நானும் வரேன். என் பொடியும் இவருக்கு நல்லது இல்லதான். கதவைச் சாத்திக்கறேன். இவர் இருக்கறப்ப தொடமாட்டேன். ஆனா வரையறதை விடமாட்டேன்."

"வாக்குக் கொடுத்தியேம்மா?" மகள் கேட்டாள், குறும்பாக இல்லை, தெரிந்துகொள்வதற்காக.

"உண்மையைச் சொல்லாம வாங்கின வாக்கு அது. திருப்பி எடுத்துக்கிட்டேன்."

அவள் மேசைமேல் இருந்த துணிகளை அள்ளி நாத்தனாரின் கைகளில் வைத்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பிறகு மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் வந்து பிடித்தார்.

"மூச்சு வாங்கினா சொல்லுங்க, நின்னுக்கலாம்."

அவர் சரி என்று தலையாட்டினார். கதவுக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்றார்கள். அவர் ஆற அமர மூச்சு வாங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு இருவருமாக மேசையைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.